நுளம்புவலைக் களஞ்சியம்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்
நுளம்புவலைக் களஞ்சியத்தின் ஒரு மூலை.
பிரிக்காத வலைப்பொதிகள் கூரைமட்டும் அடுக்கியிருக்க
உள்ளே கதைப்பவர் குரல்
ஈரச்சீலையில் விழுந்த சில்லறைபோல
எதிரொலி இல்லாமல் கிடக்கும்.
கதவில் றிஸ்மின் ஒட்டிய தாள்:
செவ்வாய் பத்து முதல் பதினொன்றுவரை
புகையடிக்கும் மெசினைப் பரீட்சிக்க வேண்டாம்.
செவ்வாய் பத்தேகாலுக்குத்தான் பரீட்சிப்பார்கள்.

முதலில் காணொளிதான் செய்தோம்.
பணிப்பாளர் கழுத்துப்பட்டி கட்டி
கொடிக்குப் பக்கத்தில் நின்று
அன்பார்ந்த உத்தியோகத்தர்களே என்றார்,
பதினான்கு நிமிடம்.
அடுத்த நாள் கணக்கு வந்தது.
சராசரியாகப் பார்த்தது முப்பத்தெட்டு விநாடி.
முப்பத்தெட்டாவது விநாடியில் அவர்
'அந்த வகையில்' என்று தொடங்குகிறார்.
எண்ணூறு பேர் திறந்தார்கள் என்றேன் அவரிடம்.
அது பொய்யில்லை.

பிறகு குரலுக்கு மாறினோம்.
மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டே கேட்கலாம்,
கிளினிக் அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்கலாம்,
வாகரைப் பக்கம் சிக்னல் விழுந்தாலும்
இறக்கி வைத்ததைக் கேட்கலாம்.
நீங்களும் பேசி அனுப்புங்கள் என்று
ஆயிரத்து இருநூறு பேருக்கும் சொன்னோம்.
மூன்று கிழமை ஒரு குரலும் வரவில்லை.
இடமாற்றக் கடிதம் எந்த மாதம் வரும் என்று
எல்லாருக்கும் தெரிந்த திணைக்களம் இது.

நாலாம் கிழமை யோகமலர் மிஸ்ஸி அனுப்பினா.
குருமண்வெளித் துறையில் நின்று.
அங்கே பாதை என்பது தண்ணீரில் மிதப்பது,
நாலு மோட்டார்சைக்கிள், ஒரு ஓட்டோ,
நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு
இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவது.

"சேர், பாதை அக்கரையில நிக்கிது.
தடுப்பூசிப் பெட்டிக்குள்ள ஐஸ் கரையுது.
மண்டூரில பதினெட்டுப் பிள்ளையள் காத்துக்கிட்டிருக்கிதுகள்.
ரெண்டாவது பெட்டி கேட்டு ஒம்பது மாசம்.
கை எப்பிடிக் கழுவுறதெண்டு வீடியோ அனுப்பினீங்க,
வடிவா இருந்திச்சி.
கிளினிக் பைப்பில தண்ணி வாறல்ல, சேர்.
கொஞ்சம் இருங்க, பாதை வந்திட்டு."

பிறகு பதினொரு விநாடி தண்ணீர் மட்டும்.
பலகையில் டயர் ஏறும் சத்தம்.
ஆரோ ஆரையோ ஒதுங்கச் சொல்கிறார்.

இரைச்சல் நீக்கும் பொத்தானை ஒருக்கா அழுத்திப் பார்த்தேன்.
வாவி போனது, இயந்திரம் போனது,
மிஸ்ஸி எந்த ஊரிலும் நிற்காமல் பேசினா.
பழையபடி ஆக்கிவிட்டேன்.

பணிப்பாளர் முழுவதும் கேட்டார். நல்லது என்றார்,
மனப்பூர்வமாகத்தான்.
அந்தப் பைப் கதையை மட்டும் எடுத்துவிடுங்க.
பதினேழு விநாடி.
வெட்டினேன். நான்தான் வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் அவவின் மூச்சு ஒன்று
பாதியில் நின்றது.
அதை ஒட்ட எனக்குத் தெரியும். ஒட்டவில்லை.

முதன்முறையாகக் கடைசிவரைக்கும் கேட்டார்கள்.
நாற்பத்து மூன்று பதில் வந்தது.
கிரானிலிருந்து, ஏறாவூரிலிருந்து, வவுணதீவிலிருந்து,
பெயர் போட்டும் போடாமலும்
கேட்டிருந்தது ஒன்றுதான்:
நடுவில என்ன வெட்டினீங்க?
சுற்றறிக்கை வாசித்தே வளர்ந்த காதுகள்,
சொல்லாமல் விட்ட இடத்தில்தான் நிமிரும்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸியிடமிருந்து இன்னொன்று.
பேச்சில்லை. ஒன்பது விநாடி.
களஞ்சியத்துக்குக் கூட்டிவந்து
வலைப்பொதியில் இருத்தி
பணிப்பாளரின் காதில் ஹெட்போனை மாட்டினேன்.
திருகாணி சுழலும் கீச்சு,
பிறகு குழாய்க்குள்ளிருந்து கொஞ்சம் காற்று.

சத்தத்தைக் கூட்டுங்க என்றார். கூட்டினேன்.
இன்னும் என்றார்.
ஒண்டும் வரல்லையே, என்றார்.

ஓம் சேர், என்றேன்.